ஏட்டுச் சட்டம் வீதிக்கு வரட்டும்!



மது அருந்தி வாகனம் ஓட்டுவோரை எவ்வாறு தடுப்பது என்று கேட்டால், தண்டனையைக் கூட்டுக என்பதே பலர் தரும் விடை. நாம் அதனை ஏற்பதற்கில்லை. குற்றத்தைத் தடுப்பது தண்டனையின் கொடுமையன்று, அது தப்பாது வந்து சேரும் என்னும் உறுதியே என இத்தாலிய அறிஞர் பெக்காரியா 1764ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார்.

வரலாறும் இதற்குச் சான்று பகர்கின்றது. பிரித்தானியாவில் 1967 ஒக்டோபர் 9ஆம் நாள் முதல், 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராமுக்கு மேல் மதுசாரம் இருக்க வாகனம் ஓட்டுதல் குற்றமாயிற்று. சாரதியின் மூச்சைச் சோதிக்கும் அதிகாரம் பொலிசாருக்குக் கிடைத்தது. அரசு அதனை நாடெங்கும் பறைசாற்றியது. மக்கள் அஞ்சினர், முதல் ஆண்டிலேயே வீதி மரணங்கள் ஆயிரத்துக்கு மேல் குறைந்தன. பின்னர் நடந்தது என்ன? சோதனைக்கு உள்ளாவது அரிது என்பதைச் சாரதிகள் நாளடைவில் கண்டுகொண்டனர். சட்டம் மாறவில்லை, அச்சம் மறைந்தது, குடித்தவர் மீண்டும் ஓட்டத் துணிந்தனர்.

அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் வேறு வழி கண்டது. ஐயம் எழுந்தாலும் எழாவிடினும் எந்தச் சாரதியையும் நிறுத்திச் சோதிக்கும் முறை 1982 டிசெம்பரில் அங்கே தொடங்கிற்று. பொலிசார் எல்லோர் கண்ணிலும் படும்படி வீதியில் நின்றனர்; விளம்பரங்கள் அதனை ஓயாது அறிவித்தன. 1982இல் 1,253 பேரைப் பலிகொண்ட வீதிகள் 1983இல் 966 பேரைப் பலிகொண்டன. சோதனை நிலைத்தது, பயனும் நிலைத்தது.

இலங்கையிலும் மதுபோதைச் சாரதியைத் தண்டிக்கச் சட்டம் உண்டு. மறைந்து நின்று ஒருவனைப் பிடிப்பது வேட்டை. வெளிப்பட நின்று ஆயிரவரைத் தடுப்பதே காவல். அக்காவல் பண்டிகை நாளோடு முடிதல் ஆகாது. பதவியுடையோன் கைகாட்டிச் செல்ல, ஏழைத் தொழிலாளி மாத்திரம் நிறுத்தப்படுவானாயின், சட்டத்தின்மேல் அச்சம் பிறவாது, வெறுப்பே பிறக்கும்.

இன்னுமொன்று. விளங்காத மொழியில் விடுக்கும் எச்சரிக்கை எச்சரிக்கை ஆகுமா? 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. எனவே தமிழ்ச் சாரதியிடம் பொலிசார் தமிழிலே பேசுதலும், அறிவித்தல்கள் தமிழிலே வருதலும் சலுகையல்ல, உரிமை! உயிர்காக்கும் உரிமை!

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. ஆண்டு முழுவதும், ஆள் பாராது, மக்கள் மொழியிலே இச்சட்டத்தை நடைமுறைப்படுத்துமாறு ஒவ்வொரு பிரதேச சபையும் தீர்மானம் நிறைவேற்றி அரசுக்கு அனுப்புதல் வேண்டும். அதற்காக ஊர்தோறும் உழைக்க நாம் உறுதி பூணுவோமாக!