நூறாண்டு அலையும் நம் நிகழ்தகவுப் பாடமும்

(மங்கலத்தில் ஆசிரியர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கடலே தெரியாத ஊரில் அலையைப் பற்றி என்ன பேச்சு என்று நினைப்பீர்கள். பத்தாம் வகுப்பு நிகழ்தகவில் நாம் எத்தனை காலம்தான் பகடையையே உருட்டுவது?

மும்பைக்கு மேற்கே சுமார் 160 கி.மீ. தொலைவில் மும்பை ஹை எண்ணெய் வயல் உள்ளது. 1974இல் கண்டறியப்பட்டது. அங்கே கடல்தரையில் இரும்புக் கால்களை ஊன்றி மேடைகள் நிற்கின்றன. இத்தகைய மேடையை வடிவமைப்பவர் முதலில் கேட்பது, 'நூறாண்டு அலை' எவ்வளவு உயரம் என்பதுதான். கையில் இருப்பதோ சில பத்தாண்டுப் பதிவுகள். அதை வைத்து, இன்னும் வராத அலையை மதிப்பிட வேண்டும்.

நூறாண்டு அலை என்றால் நூறாண்டுக்கு ஒருமுறைதான் வரும் என்று மாணவர் எண்ணுவர்; நம்மில் பலரும்தான். ஓர் ஆண்டில் அந்த உயரத்தைத் தாண்டும் வாய்ப்பு 1/100 என்பதே பொருள். தாண்டாதிருக்கும் வாய்ப்பு 0.99. ஒவ்வோர் ஆண்டும் மற்றதைச் சாராதது என்று கொண்டு, 25 ஆண்டு நிற்கும் மேடைக்கு 0.99ஐ 25 முறை பெருக்குங்கள். ஏறக்குறைய 0.78 வரும். அப்படியானால் ஒருமுறையாவது அந்த அலை வர 22 விழுக்காடு வாய்ப்பு! இதைக் கரும்பலகையில் போட்டால் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும்.

உயரம் தெரிந்தால் மட்டும் போதாது. குழாய்க் கால்களின் மீது நீரின் இழுவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 1950இல் மோரிசனும் உடன் ஆய்வாளர்களும் தந்த சமன்பாட்டில் இது ஒரு பகுதி. வேகத்தை 10 விழுக்காடு குறைத்து மதிப்பிட்டால், இந்த விசை சுமார் 19 விழுக்காடு குறைந்துவிடும்.

அடுத்தது அதிர்வு. தறி ஓடும்போது சுவரில் கை வைத்துப் பார்த்த நம் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். புயலின் பெரிய அலைகள் பத்து விநாடி, அதற்கும் மேலான இடைவெளியில் வருகின்றன. மேடையின் இயல்பான ஆட்டம் சில விநாடிகளில் முடிந்தால் நல்லது. ஆழம் கூடக் கூட மேடை உயரமாகி, மெல்ல ஆடத் தொடங்கும். அலையோடு தாளம் சேர்ந்தால் ஊஞ்சல் கதைதான். சென்னை ஐஐடியின் கடற்பொறியியல் துறையில் அலைத்தொட்டியில் சிறு மாதிரிகளை வைத்து இவற்றைச் சோதிக்கிறார்கள்.

ஊன்றிய மேடைக்கான கணக்கு மிதப்பதற்குப் பொருந்தாது. 2021 மே மாதம் டவ்தே புயலில், பி-305 என்ற தங்கும் மிதவை மும்பை ஹை பகுதியில் நங்கூரம் இழந்து மூழ்கியது. அதில் இருந்தவர்கள் 261 பேர். 70க்கும் மேற்பட்டோர் இறந்தனர். புயல் எச்சரிக்கை முன்பே வந்திருந்தது. நேரத்தோடு விலகிச் செல்வதே மிதவைக்குக் காப்பு என்பது என் கருத்து.

வகுப்பில் நொய்யலை எடுத்துக்கொள்ளுங்கள். 'ஐம்பதாண்டு வெள்ளம்' கரையோர வீட்டை 30 ஆண்டுக்குள் ஒருமுறையாவது தொடும் வாய்ப்பு என்ன என்று கேளுங்கள். முதலில் கையை உயர்த்தி ஊகிக்கச் சொல்லுங்கள், பிறகு பெருக்கட்டும். விடை சுமார் 45 விழுக்காடு.