மூணு கேஸ் போதுமா?

இன்னைக்கு ஒரு அலர்ட் கதை.

ஆன்-கால்ல இருந்தப்போ ஒரு தடவை ராத்திரி மூணு மணிக்கு போன் அடிச்சுது. பார்த்தா மூணே மூணு எரர். லட்சக்கணக்கான ரிக்வெஸ்ட்ல மூணு. மியூட் பண்ணிட்டுத் தூங்கிட்டேன். காலையில டேட்டாபேஸ் போயிடுச்சு. திட்டு வாங்கினேன், அவ்வளவுதான். யாரும் சாகல.

இப்போ 1982-க்குப் போவோம். ஜூலை மாசம் அமெரிக்காவோட சிடிசி மூணு நோயாளிகளைப் பத்தி ஒரு சின்னக் குறிப்பு வெளியிடுது. மூணு பேருக்கும் ஹீமோஃபிலியா, அதாவது ரத்தம் உறையாத பிரச்சனை. மூணு பேருக்கும் ஒரு அபூர்வமான நுரையீரல் தொற்று. பின்னால எய்ட்ஸ்னு நாம தெரிஞ்சுகிட்டது அதுதான்.

இவங்க எடுத்துக்கிட்ட மருந்து ஃபேக்டர் 8. பவுடரா வரும், வீட்டு ஃபிரிட்ஜ்ல வெச்சு நாமளே ஊசி போட்டுக்கலாம். முன்னாடி ஒவ்வொரு ரத்தக்கசிவுக்கும் ஆஸ்பத்திரிக்கு ஓடினவங்களுக்கு இது பெரிய விடுதலை. ஆனா அதைச் செய்ய ஆயிரக்கணக்கான பேரோட பிளாஸ்மாவை ஒண்ணா கொட்டிக் கலக்கணும். அதுல ஒரே ஒருத்தருக்கு வைரஸ் இருந்தாலும் மொத்த பேட்ச்சும் காலி. அமெரிக்காவுல பிளாஸ்மா கொடுத்தா காசு. ஜெயில்ல இருந்துகூட எடுத்தாங்க. பிரிட்டனுக்குச் சொந்த உற்பத்தி பத்தாததால, அங்கிருந்துதான் வாங்கினாங்க.

1983 மே மாசம். பிரிட்டன்ல தொற்றுநோய்க் கண்காணிப்பு மையத்தோட தலைவர் ஸ்பென்ஸ் கால்பிரெய்த், சுகாதாரத் துறைக்கு எழுதுறார்: 1978-க்கு அப்புறம் அமெரிக்காவுல எடுத்த ரத்தத்துல செஞ்ச எல்லாத்தையும், விஷயம் தெளிவாகுற வரைக்கும் திரும்பப் பெறுங்க. ஜூலையில மருந்துப் பாதுகாப்புக் கமிட்டியோட துணைக்குழு கூடி, முடியாதுன்னு முடிவு பண்ணுது. சப்ளை பத்தாது, பலன்தான் அதிகம்னு காரணம்.

அவங்க தரப்புலயும் நியாயம் இல்லாம இல்ல. மூளையில ரத்தம் கசிஞ்சா ஆள் செத்துடுவார். ஆனா, எல்லாத்தையும் நிறுத்தணும் இல்லன்னா எதையுமே தொடக்கூடாதுன்னு ரெண்டே வழியா இருந்துச்சு? சின்னக் குழந்தைங்க, லேசான பாதிப்பு உள்ளவங்க, இவங்களையாவது சில கொடையாளர்களோட ரத்தத்துல மட்டும் செய்யுற கிரையோபிரெசிபிடேட்டுக்கு மாத்தியிருக்கலாமே. இங்கதான் எனக்குக் கோபம் வருது.

விலை என்ன தெரியுமா? பிரிட்டன்ல ரத்தம் உறையாத நோய் இருந்தவங்கள்ல சுமார் 1,250 பேருக்கு எச்ஐவி. அதுல சுமார் 380 பேர் குழந்தைங்க. ஹாம்ப்ஷயர்ல ட்ரெலோர்ஸ்னு ஒரு பள்ளி. வளாகத்துக்குள்ளேயே ஹீமோஃபிலியா சிகிச்சை மையம் இருந்துச்சு. 1970-லிருந்து 1987 வரைக்கும் அங்க படிச்ச ஹீமோஃபிலியா பசங்க 122 பேர். 2024-ல உயிரோட இருந்தது சுமார் 30 பேர்தான்.

பிரையன் லாங்ஸ்டாஃப் தலைமையிலான விசாரணை அறிக்கை 2024 மே 20-ல்தான் வந்துச்சு. சுகாதாரத் துறை ஆவணங்கள் சில வேணும்னே அழிக்கப்பட்டதாவும் அது சொல்லுது. நம்ம பாஷையில, லாக் ஃபைலை டெலீட் பண்ணிட்டாங்க.

இப்போ பிளாஸ்மா மருந்துகளுக்கு அடுக்கடுக்கா வடிகட்டல் இருக்கு. கொடுத்த பிளாஸ்மாவைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கிறாங்க, வைரஸோட மரபணுவைத் தேடி டெஸ்ட் பண்றாங்க, சூடாக்கியோ ரசாயனத்தாலயோ வைரஸைக் கொல்றாங்க. பாட்டில்ல இருக்கிற பேட்ச் நம்பரை வெச்சு, பிளாஸ்மா கொடுத்தவங்க வரைக்கும் பின்னாடி போகலாம்.

ஆனா மருந்து வெளியே போனதுக்கு அப்புறம் அலர்ட் அடிக்கிறது டாக்டர், நர்ஸ், நோயாளிதான். இந்தியாவுல 2010-லிருந்து இதுக்குன்னே ஒரு திட்டம் இருக்கு. இலவச எண் 1800-180-3024. எந்த மருந்தா இருந்தாலும், சாப்பிட்டதும் உடம்புக்கு ஏதோ சரியில்லன்னு தோணினா முதல்ல டாக்டரைப் பாருங்க, அப்புறம் இந்த நம்பருக்கும் சொல்லுங்க. மருந்து அட்டையைத் தூக்கிப் போடாதீங்க, அவங்க பேட்ச் நம்பர் கேட்பாங்க. எங்க அம்மா எப்பவும் மாத்திரைப் பட்டையில நம்பர் இருக்கிற பக்கத்தைத்தான் முதல்ல கிழிப்பாங்க. போன வாரம்தான் சண்டை போட்டு மாத்தினேன்.