தீவும் பாலமும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



இரயில்வேயில் எழுத்தர் வேலை பார்ப்பவன் நான். மெட்ரிகுலேஷனுக்கு மேல் படித்தவனல்லன். ஆகவே இலக்கியம் பேசும் துணிவு எனக்கில்லை. என் தொழிலை ஒட்டிய ஒரு செய்தியைச் சொல்ல விரும்புகிறேன். இராமேசுவரம் தீவின் கதை அது.

இந்த ஸ்ரீராம்புரத்திலிருந்து இராமேசுவரம் சென்று வராத குடும்பம் அரிது. அங்கே இருபத்திரண்டு தீர்த்தங்களில் நீராடுகிறோம். 1,212 தூண்கள் கொண்ட மூன்றாம் பிராகாரத்தைச் சுற்றுகிறோம். பிரசாதத்தோடு வண்டி ஏறிவிடுகிறோம். ஆனால் அத்தீவில் மாந்தர் வாழ்கிறார்கள் என்பதையும், அது ஒரு நகராட்சி என்பதையும், 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அந்நகராட்சியில் 44,856 பேர் இருந்தனர் என்பதையும் நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

அத்தீவை நாட்டோடு பிணைத்தது இரயில்வே. 1914-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. நீளம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல். கப்பல் வரும்போது நடுவிலுள்ள இரு கைகளும் மேலே எழும்பி வழிவிடும். அவற்றை எழுப்பியது இயந்திரமன்று. பணியாளர்கள் நெம்புகோல் பிடித்துத் தம் தோள்வலியால் எழுப்பினார்கள். நூற்றெட்டு ஆண்டுகள் உழைத்த அப்பாலத்தில் 2022 டிசம்பரில் வண்டிப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. அதன் அருகே எழுந்த புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-ஆம் நாள் திறக்கப்பட்டது. அதில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி முழுவதும், மின்விசையால், நேர் செங்குத்தாக மேலே ஏறுகிறது.

முற்காலத்தில் இருப்புப்பாதையின் தலைவாயில் இராமேசுவரமன்று, தனுஷ்கோடியே! பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் பாதை சென்றது. இராமேசுவரம் அதன் கிளை. சென்னை எழும்பூரில் போட் மெயிலில் ஏறியவர் தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பலேறுவார். தலைமன்னாரில் மீண்டும் இரயிலேறிக் கொழும்பு சேருவார். தனுஷ்கோடியில் இரயில் நிலையம், சுங்கச் சாவடி, தபாலாபீசு, பள்ளிக்கூடம், மருத்துவமனை, தேவாலயம் எல்லாம் இருந்தன. இலங்கைத் தோட்டங்களுக்குப் பிழைக்கச் சென்ற எத்தனையோ தமிழர் தாய்நாட்டு மண்ணைக் கடைசியாக மிதித்த இடம் அதுவே.

1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் இரவு பெரும் புயல் வந்தது. பாம்பனிலிருந்து புறப்பட்ட பாசஞ்சர் வண்டி தனுஷ்கோடியை நெருங்கும் வேளையில் கடல் பொங்கி அதனை விழுங்கிற்று. பயணிகளும் பணியாளருமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் இருந்தனர்; ஒருவரும் பிழைக்கவில்லை. பயணிகளை விட்டுத் தாம் மட்டும் ஓட வழியற்ற அந்த டிரைவரையும் கார்டையும் எண்ணும்போது, அதே சம்பளப் பட்டியலில் பெயருள்ள எனக்கு நெஞ்சு கனக்கிறது. ஓரிரவில் ஊரே மண்மேடாயிற்று.

அன்பர்களே! இனி நான் சொல்லப்போவதே இப்பேச்சின் கரு. அந்தப் புயலில் பாலமும் சிதைந்தது. 126 இரும்புத் தூலங்கள் கடலில் விழுந்தன. கப்பலுக்கு வழிவிடும் நடுப்பகுதி மட்டும் நின்றது. செப்பனிடும் பொறுப்பு ஈ. ஸ்ரீதரன் என்னும் இளம் பொறியாளரிடம் கொடுக்கப்பட்டது. விழுந்த தூலங்கள் கடலடியில் கிடக்கும் இடத்தை மீனவர்கள் காட்டினார்கள். அவற்றை எடுத்து மீண்டும் ஏற்றி, 46 நாட்களில் பாலத்தை முடித்தார்கள். இரயில்வே ஊழியன் என்ற முறையில் நான் பெருமை கொள்ளும் செயல் அது.

ஆனால் பாலத்துக்கு 46 நாட்கள் போதுமாயின. ஊருக்கோ அறுபது ஆண்டுகள் கடந்தும் விடிவில்லை. குடியிருக்கத் தகாத இடம் என்று அரசு அறிவித்தது. அறிவித்ததில் நியாயமும் உண்டு. மீண்டும் புயல் வந்தால் யார் பொறுப்பு? ஆயினும் கடலை விட்டால் பிழைப்பில்லாத மீனவக் குடும்பங்கள் திரும்பி வந்து, அந்த மணலிலேயே குடிசை கட்டி வாழ்கின்றன. 2017-ஆம் ஆண்டில் அரிச்சல்முனை வரை சாலை வந்தது. இடிந்த தேவாலயத்தைப் படம் பிடிக்க ஆயிரக்கணக்கானோர் போகிறார்கள். அதன் பக்கத்துக் குடிசையில் வாழ்பவரை நின்று விசாரிப்போர் எத்தனை பேர்?

அவர்கள் தண்ணீர் எடுக்கும் முறையைக் கேளுங்கள். இருபுறமும் கடல், நடுவே மணல் திட்டு. அம்மணலில் கையால் சிறு ஊற்றுத் தோண்டுகிறார்கள். நல்ல நீர் சுரக்கிறது! மழைநீர் இலேசானது, மணலுக்குள் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. ஆழமாகத் தோண்டினாலோ, பேராசைப்பட்டு இறைத்தாலோ உப்பு மேலேறிவிடும். ஆகவே பெண்கள் காத்திருந்து சிறுகச் சிறுக முகந்து குடத்தை நிரப்புகிறார்கள். அளவறிந்து வாழ்தலுக்கு இதைவிடப் பாடம் வேண்டுமோ?

கடல் கடந்த ஓர் எடுத்துக்காட்டும் சொல்வேன். நார்வே நாட்டில் உட்சிரா என்றொரு சிறு தீவு. மக்கள் தொகை ஏறத்தாழ இருநூறு. நம் ஸ்ரீராம்புரத்தின் ஒரு தெருவுக்குக் கூடக் காணாது. ஆயினும் அது தனி நகராட்சி! 1925-ஆம் ஆண்டுத் தேர்தலில் அங்கே மன்ற இடங்களில் ஒன்று தவிர மற்றவையெல்லாம் பெண்கள் கைக்கு வந்தன. ஓசா ஹெல்கெசென் என்னும் மருத்துவச்சி 1926-இல் தலைவரானார். அந்நாட்டின் முதல் பெண் நகராட்சித் தலைவர் அவரே. இருநூறு பேரானாலும் தம் ஊரைப் பற்றித் தாமே முடிவு செய்யும் உரிமை அவர்களுக்கு உண்டு. தனுஷ்கோடி மணலில் வாழ்பவருக்கோ, தம் குடிசை நாளை நிற்குமா என்பதைப் பிறர்தாம் சொல்ல வேண்டியிருக்கிறது.

இக்கதையை இம்மேடையில் ஏன் சொல்கிறேன்? நாமும் ஒருவகையில் தீவினரே. ஆலைகளையும் இரயில்வேயையும் நம்பி நம் பெரியோர் வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் இங்கு வந்தார்கள். ஆலைச் சங்குகள் ஓய்ந்துவிட்டன. ஆனால் கோயில் திருவிழாவும், தமிழ்ப் பேச்சும், இச்சங்கமும் ஓயவில்லை. கட்டடம் போனாலும் மாந்தர் கூடி நின்றால் ஊர் உண்டு. மாந்தர் கலைந்தால் மாளிகை இருந்தும் ஊரில்லை.

ஆகவே இரண்டு வேண்டுகோள். ஒன்று: அடுத்த முறை இராமேசுவரம் செல்வோர் ஒரு நாள் கூடுதலாகத் தங்குங்கள். மீனவப் பெண்களிடம் ஒரு சங்கோ சிப்பியோ பேரம் பேசாமல் வாங்குங்கள். அவர்கள் வாழ்வைக் கேட்டறிந்து பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். மற்றொன்று: இங்கு முதலில் குடியேறிய முதியோர் சிலரேனும் நம்மிடையே இருக்கின்றனர். எந்த ஆண்டு வந்தார்கள், எந்த வண்டியில் வந்தார்கள், எந்த ஆலையில் சேர்ந்தார்கள் என்பதை அவர்கள் வாய்மொழியாகவே இளைஞர்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, சங்க நூலகத்தில் வைக்க வேண்டும். புயல் சொல்லிக்கொண்டு வருவதில்லை, முதுமையும் அப்படியே.

 வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!