ஒன்றுக்கு ஐம்பது: நம் ஊர்ப் பேருந்தும் விகிதப் பாடமும்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் கொடைரோட்டுக்குப் பெயர் வந்ததே போக்குவரத்தால்தான். கொடைக்கானலுக்கு ரயில் பாதை இல்லை. ரயிலில் வருபவர்கள் இங்கே இறங்கிச் சாலை வழியாகத்தான் மலையேற வேண்டும். பேருந்தைப் பார்க்காமல் ஒரு நாளும் கழியாத ஊர் இது. ஆனாலும், "ஒரு பேருந்தின் நீளம் எத்தனை மீட்டர்?" என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். ஐந்தில் தொடங்கி முப்பது வரை பதில் வரும். தினமும் பார்ப்பது வேறு, அளந்து அறிவது வேறு. இந்த இடைவெளியைக் குறைக்க எனக்கு உதவிய ஒரு பொழுதுபோக்கைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். அது மாதிரிப் பேருந்து செய்தல். ஓராண்டுப் பழக்கம்தான். நானும் தொடக்க நிலை மாணவன்தான்.

மாதிரிப் பேருந்துத் தொகுப்புகள் கடைகளில் கிடைக்கின்றன. குறிப்புத்தாளில் உள்ளபடி பாகங்களை ஒட்டினால் கைக்குப் பயிற்சி. அதையே நம் வழித்தடத்தில் ஓடும் பேருந்தாக மாற்ற முயன்றால் மூளைக்கும் வேலை வந்துவிடும்.

முதல் வேலை, கையில் இருப்பது பொம்மையா, அளவு மாதிரியா என்று கண்டறிவது. 11 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் அகலம், 1 மீட்டர் சக்கர விட்டம் கொண்ட பேருந்தை எடுத்துக்கொள்வோம். 1:50 அளவில் நீளம் 22 செ.மீ., அகலம் 5 செ.மீ., சக்கரம் 2 செ.மீ. இருக்க வேண்டும். மூன்றும் ஒரே விகிதத்தில் வந்தால் அது அளவு மாதிரி. சக்கரம் மட்டும் பெருத்திருந்தால் பொம்மை. ஆறாம் வகுப்பின் விகித சமம் இதுதான். சூத்திரம் எழுதாமலேயே, "சார், சக்கரம் ஒத்துவரலை" என்று பிள்ளைகள் சொல்லிவிடுகிறார்கள்.

அடுத்தது உற்று நோக்கல். நம் பேருந்துகளுக்குக் கதவுகள் இடப்பக்கம். அமெரிக்கப் பேருந்து மாதிரியில் வலப்பக்கம் இருக்கும். ஏன் என்று கேட்டால் சாலை விதிகள் பாடம் தானாகத் தொடங்கும். பெயர்ப் பலகையில் 15 செ.மீ. உயர எழுத்து, மாதிரியில் 3 மி.மீ. ஆகும். கணினியில் தட்டச்சு செய்து அச்சிட்டு ஒட்டலாம். பக்கவாட்டில் எந்தப் பெயர் எழுதுவது என்று பேச்சு வந்தபோது, ஒரு மாணவன் தாத்தாவிடம் கேட்டுவந்து 'ராணி மங்கம்மாள் போக்குவரத்துக் கழகம்' என்றான். திண்டுக்கல்லைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த கழகம் அது. 1997-இல்தான் இத்தகைய கழகங்கள் பலவும் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்ற ஒரே பெயருக்கு வந்தன. வீட்டுப் பெரியவர்களின் நினைவும் இப்படிப் பாடத்துக்குள் வந்தது.

வண்ணம் பூசும் முன் சோப்பு நீரில் கழுவி, உலர்த்தி, நுண்ணிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, பிரைமர் அடிக்க வேண்டும். பிறகு வெளிர் நிறம் முதலில், அடர் நிறம் பின்னர். இடையே ஒட்டுநாடா மறைப்பு. எல்லாமே மெல்லிய பூச்சுகளாக இருக்க வேண்டும். ஏனென்றால், மாதிரியில் 0.1 மி.மீ. தடிமன் என்பது உண்மைப் பேருந்தில் 5 மி.மீ. பூச்சுக்குச் சமம். பிளேடு ஆசிரியர் கையில் மட்டும் இருக்கட்டும். ஜன்னல்களும் திறந்திருக்கட்டும்.

உயர்நிலை வகுப்பு ஆசிரியர்களுக்கு ஒரு கணக்கு. 10 டன் எடையுள்ள பேருந்தை அதே பொருள்களால் 1:50 அளவில் செய்தால் எடை எவ்வளவு? பலரும் 200 கிலோ என்பார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஐம்பதில் ஒன்றாகக் குறைவதால் 1,25,000-ஆல் வகுக்க வேண்டும். விடை 80 கிராம்தான்.

இந்த வேலையில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறொன்று. எங்கள் வகுப்பில் சக்கர நாற்காலியில் வரும் மாணவி ஒருத்தி இருக்கிறாள். அப்பாவின் இருசக்கர வண்டியில்தான் பள்ளிக்கு வருவாள். படிகளை ஒட்டிக்கொண்டிருந்தபோது, "சார், இதுல என் நாற்காலி எப்படி ஏறும்?" என்று கேட்டாள். யாரும் பேசவில்லை. பள்ளிச் சாய்தளத்தின் விகிதம் 1:12 என்பதைக் கரும்பலகையில் எழுதினேன். பேருந்தின் தளம் தரையிலிருந்து 1 மீட்டர் உயரம் என்றால் சாய்தளம் 12 மீட்டர் நீளம் வேண்டும். இரண்டு அச்சுப் பேருந்துக்கு மோட்டார் வாகன விதிகள் 2020 வரை அனுமதித்த நீளமே 12 மீட்டர்தான்! அதாவது, ஏறுவதற்கே இன்னொரு பேருந்து நீளத்துக்குப் பலகை வேண்டும். தளத்தையே 40 செ.மீ. உயரத்துக்குத் தாழ்த்தினால் 4.8 மீட்டர் போதும். நிறுத்தத்தின் நடைமேடையையும் உயர்த்திவிட்டால் அது இன்னும் குறையும்.

சென்னையில் 2024 முதல் புதிய தாழ்தளப் பேருந்துகள் ஓடுகின்றன. அவை ஏன் தேவை என்பதை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. பிள்ளைகள் கணக்குப் போட்டே கண்டுகொண்டார்கள். மாதிரியின் தளத்தை 8 மி.மீ. உயரத்துக்குத் தாழ்த்தினார்கள். நடுவில் 18 மி.மீ. அகலத்தில், அதாவது உண்மையில் 90 செ.மீ. வரும்படி, ஒரு கதவு வெட்டினோம். எந்த இடத்தில் வெட்டுவது என்று முடிவு செய்தவள் அந்த மாணவிதான்.

பாடநூலும் ஒரு தொகுப்புதான். மாநிலம் முழுவதற்கும் ஒன்றே. அதை நம் ஊருக்கும் நம் முன்னால் இருக்கும் பிள்ளைக்கும் ஏற்ப மாற்றும் வேலை நம்முடையது. விலைக்கு வாங்கித்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை. பழைய அட்டைப்பெட்டி, அளவுகோல், பசை போதும். வரும் வாரம் உங்கள் பள்ளிக்கு அருகில் நிற்கும் ஒரு பேருந்தை, ஓட்டுநர் நடத்துநரின் அனுமதியோடு, மாணவர்களை அளக்கச் சொல்லுங்கள். அளவுகளை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒப்பிட்டுப் பார்ப்போம்.