வேலியில்லா வயல்கள்



இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம்ஷியர் வட்டாரத்தில் லேக்ஸ்டன் என்ற சிற்றூர் இருக்கிறது. ஒரு தேவாலயம், ஒரு மதுக்கடை, பழைய கோட்டை இருந்த மேடு. இவற்றைப் பார்க்க யாரும் அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. ஊரைச் சுற்றியுள்ள வயல்களைத்தான் பார்க்கவேண்டும். அவற்றினூடே வேலி கிடையாது.

முன்பு இங்கிலாந்தின் பல பகுதிகளில் இப்படித்தான் பயிர் செய்தார்கள். ஊருக்கு மூன்று பெரிய வயல்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் குடியானவர்களுக்குச் சில நீளத் துண்டுகள். நல்ல மண் முழுவதும் ஒருவருக்கே போய்விடாது. ஒரு வயலில் கோதுமை, அடுத்ததில் வசந்தகாலப் பயிர், மூன்றாவது தரிசு. ஆண்டுதோறும் இம்முறை மாறும். 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் சட்டத்தின் துணையோடு நிலங்களை வேலியடைத்துத் தனித்தனியாக்கினார்கள். விளைச்சல் பெருகியது என்பார்கள். பொதுநிலத்தில் மாடு மேய்த்த ஏழைகளைத்தான் மறந்துவிடுவார்கள்.

லேக்ஸ்டன் எப்படித் தப்பியது? அங்கே நிலம் வைத்திருந்த இரண்டு பிரபுக் குடும்பங்கள் ஒத்துப்போகாததே காரணம் என்று சொல்லப்படுகிறது. பெரியவர்களின் பிணக்கால் ஊருக்கு நன்மை விளைந்தது! 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிறு துண்டுகளைச் சேர்த்துப் பெரிதாக்கினார்கள். முறை மட்டும் மாறவில்லை. மார்க் பியர்ஸ் என்பவர் 1635-இல் துண்டு துண்டாக வரைந்த வரைபடம் ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. உழுபவரையும் அறுவடை செய்பவரையும்கூட அதில் வரைந்திருக்கிறார்.

வேலியில்லாவிட்டால் எல்லைத் தகராறு வராதா? வரும். அதற்காகவே 'கோர்ட் லீட்' என்ற பழைய ஊர் மன்றம் இன்றும் கூடுகிறது. நவம்பர் கடைசியில் குடியானவர்களே நடுவர் குழுவாகக் கோதுமை வயலில் இறங்குகிறார்கள். எல்லையில் முளையடிக்கிறார்கள். பாதையைச் சேர்த்து உழுதவர் யார் என்று பார்க்கிறார்கள். அடுத்த வாரம் மன்றத்தில் அபராதம். தொகை சிறியதுதான். ஆனால் விதிப்பவர் பக்கத்து வயல்காரர். மறுநாளும் அவர் முகத்தில் விழிக்கவேண்டும்.

1952-இல் மேன்வர்ஸ் பிரபுவிடமிருந்து வேளாண் அமைச்சு இந்த நிலங்களை வாங்கியது. 1981-இல் அவை அரச நிலநிர்வாகத்திடம் போயின. 2018-இல் விற்பனை அறிவிப்பு வந்ததும் ஊரில் கவலை சூழ்ந்தது. 2020-இல் அவை மேன்வர்ஸ் வழியினரின் தோர்ஸ்பி பண்ணையிடமே திரும்பின. நிலவுடைமையாளர் யாராக இருந்தாலும், வயலில் இறங்கி முளையடிப்பவர்கள் குத்தகைக் குடியானவர்கள்தாம். அந்தக் குத்தகையை ஏற்க அடுத்த தலைமுறை முன்வருமா என்பதே இன்று லேக்ஸ்டனின் கேள்வி.