கால் மிதியில் ஓடும் கடைசல் பட்டறை

நெய்வேலியில இருந்து பேசறேன். இன்னிக்கு சாஃப்ட்வேர் கிடையாது, கரண்ட்டும் கிடையாது. காலால மிதிச்சு ஓட்டுற ஒரு மரக் கடைசல் மெஷினை வீட்டுத் தோட்டத்துல எப்படிக் கட்டினேன்னு சொல்லப் போறேன்.

1962ல இருந்து ஊருக்கெல்லாம் கரண்ட் அனுப்புற ஊர் இது. இங்க உட்கார்ந்துக்கிட்டு எதுக்குக் காலால மிதிக்கணும்? ரெண்டு காரணம். டவுன்ஷிப்ல ஷிஃப்ட் வேலை. நைட் ஷிஃப்ட் முடிச்சவங்க பகல்லதான் தூங்குவாங்க. "தம்பி, நான் காலையில ஏழு மணிக்குத்தான் படுக்கவே போறேன், பார்த்துக்கப்பா"ன்னு பக்கத்து வீட்டு அங்கிள் முன்னாடியே சொல்லிட்டார். ரெண்டாவது, அப்பா அடுத்த வருஷம் ரிட்டயர் ஆகறார். குவார்ட்டர்ஸைக் காலி பண்ணணும். அப்புறம் தோட்டம் இருக்குமா, பால்கனிதானான்னு தெரியாது. அதனால மெஷின் சத்தம் போடக் கூடாது. ஆப்பைத் தட்டினா கழன்று கட்டிலுக்கு அடியில போயிடணும். இதுதான் ஸ்பெக்.

கட்டில் கால், பூரிக்கட்டை, பருப்பு மத்து, பம்பரம், அம்பாசமுத்திரம் சொப்பு எல்லாமே கடைசல் வேலைதான். மோட்டார் வர்றதுக்கு முன்னாடி, கட்டையை ரெண்டு கூர்முனைக்கு நடுவுல பிடிச்சு, அதுல கயித்தைச் சுத்தி ஒருத்தர் இழுப்பார், இன்னொருத்தர் உளி பிடிப்பார். இழுக்க ஆள் இல்லைன்னா வில். ஒரு கை வில்லை இழுக்கும், இன்னொரு கையும் கால் விரலும் சேர்ந்து உளியைப் பிடிக்கும். மிதி இருந்தா, கயிறு இழுக்கிற ஆளோட வேலையை நம்ம காலே செய்யும். ரெண்டு கையும் உளிக்கு. இங்கிலாந்துல ஹை விக்கம் பக்கத்துக் காடுகள்ல நாற்காலிக் கால் கடைஞ்சவங்க, 20ஆம் நூற்றாண்டுலயும் இப்படித்தான் வேலை பார்த்தாங்க.

இப்போ கட்டுமானம். நாலடி நீளத்துல ரெண்டு சட்டம், நடுவுல ஒன்றரை அங்குல இடைவெளி. அந்த இடைவெளியில ரெண்டு தடிமனான கட்டை நிக்கும், அடியில ஆப்பு அடிச்சா இறுகிடும். ஒவ்வொரு கட்டையிலயும் அரை அங்குல போல்ட், நுனி கூர். அந்தக் கூரைச் சீவிக் கொடுத்தது கரண்ட்ல ஓடுற லேத் பட்டறைதான்! கூர்முனை நம்ம முழங்கை உயரத்துக்கு வரணும், இல்லைன்னா முதுகு போயிடும். கடலூர் மாவட்டத்துல சவுக்குக்குப் பஞ்சமில்லை. பன்னிரண்டடி சவுக்குக் கம்பு ஒண்ணு, அடிப்பக்கம் தரையில கட்டி, நடுவுல முட்டுக் கொடுத்து, நுனி மெஷினுக்கு மேல வர்ற மாதிரி. நுனியில கட்டின கயிறு இறங்கி, கட்டையை ரெண்டு சுத்து சுத்தி, மிதிக்குப் போகும். பால்கனியா இருந்தா கம்புக்குப் பதிலா சைக்கிள் ட்யூப் போதும்.

மிதிச்சா கட்டை நம்மைப் பார்த்துச் சுத்தும், அப்போ சீவணும். காலை எடுத்தா கம்பு கயித்தைத் திருப்பி இழுக்கும், அப்போ உளியை நூலளவு பின்வாங்கணும். பாதி நேரம்தான் வேலை நடக்கும்.

கணக்கு பார்ப்போம். கயிறு 60 செ.மீ. இறங்கினா, 5 செ.மீ. விட்டமுள்ள கட்டை கிட்டத்தட்ட நாலு சுத்து சுத்தும். 10 செ.மீ. கட்டைன்னா ரெண்டு சுத்து கூட வராது. மெலிசான கட்டை தானாவே வேகமா சுத்தும், கியரே வேணாம்.

மனுஷனால விடாம தர முடிஞ்சது சுமார் 75 வாட். அரை ஹெச்பி மோட்டார் 370 வாட். ஒரு யூனிட் கரண்ட்டுக்குச் சமமா மிதிக்கணும்னா 13 மணி நேரத்துக்கு மேல ஆகும். அந்த ஒரு யூனிட்டுக்கு இங்க எரியற பழுப்பு நிலக்கரி, ஏறக்குறைய ஒரு கிலோதான்.

கைவசம் 75 வாட்தான்னு ஆனதும் மத்ததெல்லாம் தானா முடிவாகுது. மொன்னை உளியை மோட்டார் மன்னிக்கும், கால் மன்னிக்காது. பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில அடிச்ச உளியைப் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை தீட்டறேன். மரமும் பச்சையா இருக்கணும். காய்ஞ்ச கட்டையில தூள் வரும், பச்சைக் கட்டையில ரிப்பன் மாதிரி சுருள் வரும். பண்ருட்டி பக்கத்துல இருக்கறதால பலா கிடைக்குது, வீணைக்கும் மிருதங்கத்துக்கும் போற மரம். பால் ஒட்டும், பழம் அறுக்கிற மாதிரியே கையிலயும் உளியிலயும் எண்ணெய் தடவிக்கணும். பச்சை மரம் காய்ஞ்சா வட்டம் முட்டை வடிவமாகும். அதனால கொஞ்சம் பருமனா விட்டு, நிழல்ல காயவெச்சு, மறுபடி ஒரு தடவை கடையணும்.

அப்பா ஒருநாள் மிதிச்சுப் பார்த்தார். நான் உளியைக் கொஞ்சம் ஆழமா வெச்சதும், "லோட் ஏறுறது கால்லயே தெரியுதுடா"ன்னார். முப்பது வருஷமா லோடை மீட்டர்ல பார்த்தவர். அன்னிக்கு சாயங்காலமே பெயின்ட் டப்பா எடுத்து வந்து ஒவ்வொரு மூட்டுலயும் நம்பர் எழுதிட்டார். எந்த ஊர் போனாலும் திருப்பி மாட்டிடலாமாம்.

கட்ட நினைக்கிறவங்க முதல்ல உங்க முழங்கை உயரத்தை அளந்து வைங்க. அடுத்த எபிசோடுல உளி தீட்டுறது.