ஆற்றை ஏன் சாட்சிக்கு அழைத்தோம்?

  

1997 டிசம்பரில் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் வில்லியம் டவுன்ஸ் என்ற கூட்டாட்சி நீதிபதி ஒரு தீர்ப்பு எழுதினார். யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவிலும் நடு ஐடஹோவிலும் கொண்டுவந்து விடப்பட்ட ஓநாய்களை அப்புறப்படுத்த வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. மேல்முறையீடு முடியும்வரை அதை அவரே நிறுத்தியும் வைத்தார். 2000 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது, ஓநாய்கள் தங்கிவிட்டன. வழக்குத் தொடுத்தவர்களில் பண்ணையாளர் கூட்டமைப்பு இருந்ததில் வியப்பில்லை. ஆனால் ஆடுபான் சங்கம் உள்ளிட்ட இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகளும் ஓநாய்களைக் கொண்டுவந்த அதே அரசு விதியை எதிர்த்து வழக்காடின, அந்த வழக்குகள் ஒன்றாகவே விசாரிக்கப்பட்டன.

இது எப்படி நடந்தது? அருகிவரும் உயிரினங்கள் சட்டத்தில் 1982இல் ஒரு திருத்தம் வந்தது. கொண்டுவந்து விடப்படும் விலங்குகளைச் ‘சோதனைத் திரள்’ என்று அறிவித்தால் அவற்றுக்கான பாதுகாப்பைத் தளர்த்திக்கொள்ளலாம். தன் மாட்டைத் தாக்கும் ஓநாயைப் பண்ணைக்காரர் கையும் களவுமாகக் கண்டால் சுட அன்றைய விதி அனுமதித்தது. ஆனால் கனடாவிலிருந்து தானாகவே நடந்து வந்து சேரும் ஓநாய்க்கு அன்று சட்டம் முழுப் பாதுகாப்பு தந்தது. அது சோதனை எல்லைக்குள் கால்வைத்த மறுகணம் அந்தப் பாதுகாப்பு போய்விடுமா என்பதுதான் சுற்றுச்சூழல் அமைப்புகளின் கேள்வி. எதிரெதிர்க் காரணங்களோடு வந்தவர்கள் ஒரே சட்டவரியில் வந்து முட்டிக்கொண்டார்கள். ‘ஆதரவு’, ‘எதிர்ப்பு’ என்று இரண்டு பத்தி போட்டுக்கொண்டு ஓநாய் மீள்வருகை விவாதத்தை ஆராய வருபவர் இந்த வழக்கை எந்தப் பத்தியில் எழுதுவார்? நம் துறையின் கட்டுரைகளில் பாதிக்கு மேல் இன்னும் அந்த இரு பத்தி அமைப்பில்தான் எழுதப்படுகின்றன.

பின்னணி உங்களுக்குத் தெரிந்ததே. யெல்லோஸ்டோனின் கடைசி ஓநாய்க்குட்டிகள் 1926இல் கொல்லப்பட்டன. கொன்றவர்கள் திருட்டு வேட்டைக்காரர்கள் அல்ல, பூங்கா ஊழியர்கள். கொன்றுண்ணிகளை ஒழிப்பது அன்றைக்கு அரசின் கொள்கை, அதற்கு அன்றைய அறிவியலின் ஒப்புதலும் இருந்தது. பிறகு 1995இல் ஆல்பர்ட்டாவிலிருந்து 14, 1996இல் பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து 17 என்று 31 ஓநாய்கள் பூங்காவுக்கு வந்தன. ஐடஹோவில் 35 விடப்பட்டன. அதற்கு முன் வெளியிடப்பட்ட சுற்றுச்சூழல் தாக்க வரைவறிக்கைக்கு மக்களிடமிருந்து 1,60,000க்கும் மேற்பட்ட கருத்துகள் வந்து குவிந்தன. 31 ஓநாய்களுக்கும் கழுத்துப்பட்டை, எண், வாழ்க்கைக் குறிப்பு எல்லாம் உண்டு. அந்தக் கருத்துகளை எழுதியவர்கள் மட்டும் நம் கட்டுரைகளில் ஒரு மொத்த எண்ணிக்கையாகச் சுருங்கிக் கிடக்கிறார்கள்.

இன்று நான் அதிகம் பேச விரும்புவது அறிவியலின் பங்கைப் பற்றி. ஓநாய் வந்தது, எல்க் மான்கள் அஞ்சி ஆற்றங்கரையை விட்டு விலகின, வில்லோவும் ஆஸ்பெனும் தழைத்தன, பீவர்கள் திரும்பின, ஆறே தன் போக்கை மாற்றிக்கொண்டது: இந்தக் கதையைக் கேட்காதவர் இந்த அரங்கில் இருக்க மாட்டார். வில்லியம் ரிப்பிளும் ராபர்ட் பெஷ்டாவும் 2012இல் எழுதிய ஆய்வுக்கட்டுரை இதற்கு வலுவான அடித்தளம். 2014இல் வெளியான ஒரு குறும்படம் இதைக் கோடிக்கணக்கானவர்களிடம் கொண்டுசேர்த்தது. கதையில் உண்மை இல்லாமல் இல்லை. வடக்குப் பகுதி எல்க் கூட்டம் 1994இல் சுமார் 19,000 இருந்தது, 2013இல் 4,000க்கும் கீழே வந்துவிட்டது. ஆனால் அதே ஆண்டுகளில் கரடிகள் பெருகின, மலைச்சிங்கங்கள் திரும்பின, வறட்சி வந்தது, பூங்கா எல்லைக்கு வெளியே மனிதர்களும் எல்க்குகளை வேட்டையாடினார்கள். இத்தனை பேர் சேர்ந்து செய்த வேலையை ஓநாய் ஒன்றின் கணக்கில் எழுதிவிட்டோம்.

டாம் ஹாப்ஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2001இல் ஒரு சோதனையைத் தொடங்கினார்கள். சிற்றோடைக் கரைகளில் சில இடங்களுக்கு வேலி போட்டு எல்க்குகளைத் தடுத்தார்கள். சில இடங்களில் பீவர் கட்டுவதுபோல் செயற்கைத் தடுப்பணை அமைத்து நீர்மட்டத்தை உயர்த்தினார்கள். சில இடங்களில் இரண்டையும் செய்தார்கள். இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் வில்லோ உயர்ந்து வளர்ந்தது. ஓநாய் இல்லாத பல பத்தாண்டுகளில் பீவர்களும் போய், ஓடைகள் நிலத்தை ஆழமாக அரித்துவிட்டிருந்தன. நிலத்தடி நீர் வேருக்கு எட்டாத ஆழத்துக்கு இறங்கியிருந்தது. மேய்ச்சலை மட்டும் குறைத்தால் அந்த ஓடை பழைய நிலைக்கு வந்துவிடுவதில்லை. இருபது ஆண்டுத் தரவோடு அந்த முடிவு 2024இல் வெளிவந்தது.

ஆஸ்பென் விஷயம் இன்னும் சங்கடமானது. முந்தைய ஆய்வுகளில் ஒவ்வொரு தோப்பிலும் மிக உயரமான ஐந்து இளங்கன்றுகளை அளந்தார்கள். அந்த அளவீட்டைத் தற்செயல் மாதிரியோடு ஒப்பிட்ட எலைன் பிரைஸும் டேனியல் மெக்நல்ட்டியும் உள்ளிட்ட குழு, உயரமானவற்றை மட்டும் அளந்ததால் மீட்சி மிகைப்படத் தெரிந்தது என்று காட்டியது. மீட்சி இல்லை என்று அவர்கள் சொல்லவில்லை, அளவு குறைவு என்றார்கள். உயரமான கன்றுகளை அளந்தவர்கள் பொய்யர்களும் அல்லர். மேய்ச்சலிலிருந்து முதலில் தப்புவது உயரமானவைதானே, மாற்றம் அங்கேதான் முதலில் தெரியும் என்று அவர்களிடம் ஒரு நியாயம் இருந்தது. அந்த நியாயம் கட்டுரையின் முறையியல் பகுதியில் தங்கிவிட்டது. எண் மட்டும் தனியே கிளம்பி ஊர்வலம் போனது. இந்தச் சச்சரவு இன்றும் ஓயவில்லை.

ஓநாய் ஆய்வின் மூத்தவரான டேவிட் மெக், அறிவியல் ஓநாயைப் புனிதமாக்கிவிடும் ஆபத்தில் இருக்கிறதோ என்று 2012லேயே கேட்டார். வாழ்நாளை ஓநாய்க்குக் கொடுத்தவர் கேட்ட கேள்வி அது. நான் அவர் பக்கம். ஓநாயைத் திரும்பக் கொண்டுவரலாம் என்பதற்கு ஆறு சாட்சி சொல்லவேண்டிய அவசியம் இருக்கவில்லை. அது அங்கே வாழ்ந்த விலங்கு, நாம் அழித்தோம், மறுபடி இருக்கட்டும் என்று ஒரு சமூகம் முடிவெடுக்கலாம். வேண்டாம் என்றும் முடிவெடுக்கலாம். அது விருப்பத்தையும் நீதியையும் பற்றிய முடிவு. அதற்குச் சூழலியல் வேடம் போட்டுவிட்டால், அடுத்த ஆய்வு வந்து எண்ணைத் திருத்தும்போது முடிவும் சேர்ந்து ஆட்டம் காண்கிறது. 2020 நவம்பரில் கொலராடோ மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய சட்டத்தின் வாசகத்திலேயே, ஓநாய் வந்தால் இயற்கையின் சமநிலை மீள உதவும் என்று எழுதியிருக்கிறது. ஆதரவாக விழுந்தவை 51 விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவான வாக்குகள். நகரங்கள் மிகுந்த கிழக்குச் சரிவு வேண்டும் என்றது. ஓநாய் வந்து இறங்கவேண்டிய மேற்குச் சரிவின் பெரும்பாலான மாவட்டங்கள் வேண்டாம் என்றன. 2023 டிசம்பரில் ஆரிகானிலிருந்து 10, 2025 ஜனவரியில் பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து 15 என்று ஓநாய்கள் அங்கே இறங்கிவிட்டன.

பண்ணையாளர் இழப்பு பற்றிய எண்களையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். மேற்கு மாநிலங்களின் மொத்தக் கால்நடை இழப்பில் ஓநாயின் பங்கு மிகச் சிறியது என்பது உண்மை. அந்தச் சராசரி யாருக்கு ஆறுதல்? இழப்பு எல்லோருக்கும் பகிர்ந்து விழுவதில்லை, சில பண்ணைகள்மேல் குவிகிறது. மொன்டானாவில் ரேம்லரும் அவருடைய குழுவும் 2014இல் கன்றுகளின் எடையைக் கணக்கிட்டார்கள். பக்கத்தில் ஓநாய் நடமாடினால் மட்டும் எடை குறையவில்லை. தாக்குதல் உறுதியான பண்ணைகளில் கன்றுக்குச் சராசரியாக 22 பவுண்டு, அதாவது 10 கிலோ, குறைந்திருந்தது. டிஃபெண்டர்ஸ் ஆஃப் வைல்ட்லைஃப் அமைப்பு 1987இல் தொடங்கிய இழப்பீட்டு நிதி, ஓநாய்தான் கொன்றது என்று உறுதியான மாட்டுக்குப் பணம் கொடுத்தது. உயிரோடு மெலிந்த கன்று அந்தக் கணக்கில் வரவில்லை. கொலராடோவின் இப்போதைய விதிகள் எடைக்குறைவையும் இழப்பாக ஏற்கின்றன. விவாதத்திலிருந்து கொள்கைக்குப் போன ஆய்வுக்கு இது நல்ல உதாரணம்.

இன்னொன்று முறையியல் மாணவர்களுக்காக. ஓநாய்களைக் கொன்றால் மறு ஆண்டு கால்நடைத் தாக்குதல் கூடுகிறது என்று வீல்கஸும் பீபிள்ஸும் 2014இல் எழுதினார்கள். அதே தரவை வேறு மாதிரியில் இட்டு, தாக்குதல் குறைகிறது என்று பௌடியாலும் அவர் குழுவும் 2016இல் எழுதினார்கள். வெளியிட்ட ஆய்விதழும் ஒன்றே. வகுப்பில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

நம் கட்டுரைகளில் அடிக்குறிப்பாக ஒதுங்கி நிற்கும் ஒரு தரப்பும் உண்டு. 1995இல் ஐடஹோ சட்டமன்றம் தன் வனவிலங்குத் துறை ஓநாய் மீட்பில் ஈடுபடக்கூடாது என்று தடுத்தபோது, அந்தப் பொறுப்பை ஏற்று நடத்தியவர்கள் நெஸ் பெர்ஸ் பழங்குடியினர். 1877இல் அமெரிக்கப் படை துரத்தத் துரத்த யெல்லோஸ்டோன் வழியாகவே தப்பிச் சென்ற மக்கள் அவர்கள். விலங்கு திரும்பி வருவதைப் பற்றி அவர்கள் பேசுவதை ‘உள்ளூர்க் கருத்து’ என்ற தலைப்பில் அடக்க முடியாது.

நமக்கும் இதில் பங்குண்டு. 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து 8, 2023 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து 12 என்று சிவிங்கிப்புலிகள் மத்தியப் பிரதேசத்தின் குனோ தேசியப் பூங்காவுக்கு வந்தன. புல்வெளிகளும் சேர்ந்து காப்பாற்றப்படும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. இந்தியப் புல்வெளிகளில் யாரும் விமானத்தில் ஏற்றி வராமலே இன்றும் வாழ்ந்துகொண்டிருக்கும் நம் ஓநாய்க்கு அந்த வரவேற்பில் ஒரு சிறு பங்கும் கிடைக்கவில்லை என்பதை இந்த அவையிலாவது சொல்லிவைக்கிறேன்.

கட்டுரை வாசிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஓர் எண்ணைச் சொல்லும்போது அதை யார், எங்கே, எந்தக் கன்றை அளந்து பெற்றார்கள் என்பதையும் ஒரு வரியில் சொல்லுங்கள். நேரம் போதாது என்றால் படவில்லைகளில் இரண்டைக் குறைத்துக்கொள்ளுங்கள். முதல் அமர்வு, 1993 வரைவறிக்கை மீதான மக்கள் கருத்துகளைப் பற்றியது. கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.